வேண்டாத அழைப்பும் விலக்கும் வழியும்

பேராசிரியர் கரும்பலகையில் சமன்பாட்டை முடிக்கும் தறுவாயில் நம்மில் எவர் பையிலாவது கைப்பேசி துடிப்பது அன்றாடக் காட்சியாகிவிட்டது. வெளியே ஓடிவந்து எடுத்தால் தாயும் அல்லர், தந்தையும் அல்லர். "சார், பர்சனல் லோன் சாஹியே?" என்று ஒரு குரல் தேனொழுகக் கேட்கும். தில்லிக்கு வந்த புதிதில் பிழையின்றி நான் பேசக் கற்ற முதல் இந்தி வாக்கியம் "நஹீ சாஹியே" என்பதுதான். அதற்காக அந்தக் கடன்காரர்களுக்கு நான் கடன்பட்டவன்.

சிரித்துவிட்டுப் போகும் செய்தியாக இது இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். சென்ற ஆண்டு ஐப்பசியில் இத்தொல்லை பொறுக்காமல், பெயர் தெரியாத எண்கள் எவையும் ஒலிக்காதபடி கைப்பேசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். நான்கு நாள் அமைதியாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் இரவு ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பிப் பார்க்கையில் ஒரே எண்ணிலிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். கடன் கொடுப்பவன் இவ்வளவு விடாப்பிடியாக இருக்கமாட்டானே என்று எண்ணித் திருப்பி அழைத்தேன். மதுரையில் மருத்துவமனை வாயிலில் நின்ற யாரோ ஒருவர் எடுத்து, தொலைபேசியை என் தாயிடம் கொடுத்தார். அப்பாவுக்கு நெஞ்சுவலி. அம்மாவின் கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்துவிட்டதால், பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவரிடம் இரந்து பேசியிருக்கிறார். "ஏம்ப்பா, புது நம்பர்னா எடுக்கவே மாட்டியா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா இன்று நலமாக இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தெரியாதவர் அனைவருக்கும் கதவடைத்தல் விடையன்று. வேறு என்ன வழி உண்டு என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

முதலில் இந்த வாணிகம் எங்ஙனம் நடக்கிறது என்று பார்ப்போம். அழைப்பு நிலையங்களில் எண்களை ஒவ்வொன்றாகச் சுழற்றுவது மனித விரல் அன்று, கணினி. ஒரே நேரத்தில் அது பல எண்களை அழைக்கிறது. யார் எடுக்கிறாரோ அவரை, ஓய்வாக இருக்கும் பணியாளர் ஒருவரோடு இணைக்கிறது. நாம் "ஹலோ" என்றதும் ஓரிரு நொடி மௌனம் நிலவுகிறதே, அது இயந்திரம் ஆள் தேடும் நேரம். அந்த மௌனம் கேட்டால் பேசப்போவது யார் என்பதை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

இனிக் கணக்கு. ஒரு நிறுவனம் பதினாயிரம் எண்களை அழைக்கிறது என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒருவர் இசைந்தாலும் பத்து வாடிக்கையாளர்கள் கிடைக்கிறார்கள். அழைப்பின் செலவோ மிகச் சொற்பம். எஞ்சிய 9,990 பேரின் சினமும் சாபமும் அவர்கள் கணக்கேட்டில் எங்கும் ஏறுவதில்லை. நம் துறை மொழியில் சொன்னால், இந்தச் சமன்பாட்டில் நம் சினத்தின் குணகம் சுழி. ஆகவே திட்டுவதால் பயன் இல்லை. எதிர்முனையில் திட்டு வாங்குபவரும் நம்மைப் போல வேலை தேடி வந்த ஓர் இளைஞராகவே இருப்பார். எண்ணைத் தடைசெய்யும் பொத்தானை அழுத்துவதாலும் பெரும்பயன் விளையாது. அவர்களிடம் எண்கள் ஏராளம். ஒன்று போனால் மற்றொன்று.

அந்தக் குணகத்தைச் சுழியாக இல்லாதபடி செய்வதே சட்டத்தின் நோக்கம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய் என்று நாம் அழைப்பது, 2007இல் முதல் விதிகளை வகுத்தது. 2010இலும் 2018இலும் அவை மாற்றி எழுதப்பட்டன. 2025 பிப்ரவரியில் செய்த திருத்தம் நம்மைப் போன்றவர்க்கு மிகவும் பயன்படுவது.

செய்யவேண்டியது எளிது. 1909 என்ற எண்ணுக்கு "ஸ்டார்ட் 0" என்று ஆங்கில எழுத்துகளில் குறுஞ்செய்தி அனுப்பினால், எந்த விளம்பர அழைப்பும் வேண்டாம் என்று பதிவாகிவிடும். அதே எண்ணை அழைத்துப் பேசியும் பதியலாம், கட்டணம் இல்லை. எல்லாவற்றையும் விலக்க மனமில்லாதவர், வங்கியும் காப்பீடும், மனை வணிகம், கல்வி, உடல்நலம், சுற்றுலா, உணவு என்றெல்லாம் வகுத்திருக்கும் வகைகளில் வேண்டாதவற்றை மட்டும் விலக்கலாம். என் அறை நண்பர் இதைச் செய்ய நெடுநாள் அஞ்சினார்; வங்கியின் ஓ.டி.பி. வராமல் போய்விடுமாம்! அந்த அச்சம் வேண்டியதில்லை. நம் கணக்கு, நம் பயணச்சீட்டு ஆகியவை பற்றிய செய்திகள் முழு விலக்கிலும் தடைபடா. விளம்பரத்திற்குத்தான் தடை.

"நான் பதிந்து ஓராண்டு ஆயிற்று, அழைப்பு நின்றபாடில்லையே" என்பவர் பலர். நானும் அவருள் ஒருவன். காரணம் இரண்டு. ஒன்று நாமே கொடுத்த இசைவு. தகுதித் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையம் ஒன்றில் மாதிரி வினாத்தாளுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். அதன் அடியில், கண்ணாடி வைத்துப் படிக்கவேண்டிய எழுத்தில், விளம்பரங்களுக்கு நான் உடன்படுவதாக ஒரு வரி இருந்திருக்கிறது. இசைவு கொடுத்தவனுக்குப் பதிவேடு காவல் இல்லை. ஆனால் கொடுத்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமை விதியிலேயே உண்டு.

மற்றொரு காரணம் பதிவு செய்யாத வணிகர்கள். முறைப்படி பதிந்தவர் விளம்பரத்திற்கு அழைத்தால் எண் 140 என்று தொடங்கவேண்டும். வங்கி முதலிய நிதி நிறுவனங்களும் அரசும் சேவைச் செய்திக்காக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் வரிசையை 2024இல் ஒதுக்கினார்கள். நம்மை வாட்டுபவரோ உங்களுக்கும் எனக்கும் இருப்பது போன்ற சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைக்கிறார். விளம்பரத்திற்கு அப்படி அழைப்பதே விதிமீறல். இவர்மீது புகார் செய்ய நாம் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

புகாரில் வேண்டுவன மூன்று: அழைத்த எண், நாள், பேசிய பொருள். 1909க்குக் குறுஞ்செய்தியாகவோ, டிராயின் டி.என்.டி. செயலி வழியாகவோ, நம் சிம் நிறுவனத்தின் செயலியிலோ கொடுக்கலாம். முன்பு மூன்று நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்றிருந்தது; 2025 திருத்தத்தில் ஏழு நாளாயிற்று. நம் நிறுவனம் புகாரை அழைத்தவரின் நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அவர்கள் ஐந்து நாளுக்குள் நடவடிக்கை எடுக்கவேண்டும். முன்பு முப்பது நாள் தவணை இருந்தது.

இனி நான் சொல்வதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். பத்து நாளுக்குள் ஐவர் ஓர் எண்ணின் மீது புகார் கொடுத்தால் அதன்மேல் நடவடிக்கை தொடங்கவேண்டும் என்பது புதிய அளவு. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் தேவைப்பட்டது. முதல் குற்றத்துக்கு, அந்த ஆளின் எல்லா இணைப்புகளிலும் வெளியே அழைக்கும் வசதி பதினைந்து நாள் நிறுத்தப்படும். மீண்டும் செய்தால் ஓராண்டுக்கு இணைப்புகளே துண்டிக்கப்படும். ஐவர் என்பது பெரிய படையா? நம் விடுதியின் ஒரு நடைவழியிலேயே பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பட்டியல் ஓரிடத்தில் விற்கப்பட்டதோ என்னவோ, ஒரே மாலையில் ஒரே எண் அறை அறையாகச் சுற்றிவருவது நாம் கண்ட உண்மை.

சென்ற தை மாதம் அதையே சோதித்துப் பார்த்தோம். ஒரு கடன் தரகர் எண்ணின் மீது, உணவுக்கூடத்தில் அமர்ந்தபடியே ஆறு பேர் தனித்தனியே புகார் கொடுத்தோம். அவரவர் சொல்லில், அவரவருக்கு வந்த அழைப்பின் நாளோடு கொடுத்தோம். வராத அழைப்பை வந்ததாக எழுதுவது வேறு குற்றம், அதைச் செய்யவேண்டாம். நடவடிக்கை எடுத்ததாக மூவருக்குச் செய்தி வந்தது. அந்த எண் அதன்பின் ஒலிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே குரல் வேறு எண்ணிலிருந்து பேசியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மீண்டும் புகார் கொடுத்தோம். இப்போது நாளுக்கு ஆறேழு என்றிருந்த அழைப்பு வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது.

விற்பவன் வேறு, ஏமாற்றுபவன் வேறு. முன்னவனுக்கு 1909. பின்னவன் வந்தால், பணம் போகுமுன் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் 1930ஐ அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் தடுத்துநிறுத்த அவர்கள் முயல்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருந்தால் தடுப்பதற்கு ஒன்றும் எஞ்சியிராது. காவலர் உடையில் காணொளியில் தோன்றி "டிஜிட்டல் கைது" என்பான் ஒருவன். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. நம்மவரை வீழ்த்தும் தனி வலை ஒன்றும் உண்டு. மூன்று திங்களுக்கு முன் ஒருவன் என்னை நல்ல தமிழில், "தம்பி, நானும் நம்ம பக்கந்தான்" என்று அழைத்தான். இந்த ஊரில் எதிர்பாராமல் தமிழ் கேட்டால் நெஞ்சு எப்படி இளகும் என்பது உங்களுக்கே தெரியும். ஐந்து நிமிடம் மழை நிலவரம் பேசிய பிறகுதான் கூரியரில் வந்த பொதி என்றும் ஆதார் எண் என்றும் தொடங்கினான். வைத்துவிட்டேன். ஆனால் அந்த ஐந்து நிமிடம் நான் அவன் கையில் இருந்தேன்.

சஞ்சார் சாத்தியில் மற்றுமொரு வசதி உண்டு. நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று அதில் பார்க்கலாம். வந்த அன்றே ரயில் நிலையத்துக்கு வெளியே குடைநிழலில் ஆதாரைக் காட்டி சிம் வாங்கியவர்கள் அவசியம் பாருங்கள். என் பெயரில் நான் வாங்காத எண் ஒன்று இருந்தது. என்னுடையதன்று என்று அங்கேயே தெரிவித்தேன். பிறகு பட்டியலில் அது காணப்படவில்லை.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவின் கைப்பேசியிலும் 1909க்குச் செய்தி அனுப்பிப் பதிந்துவிட்டு வந்தேன். என்னுடையதில் தெரியாத எண்களும் இப்போது ஒலிக்கின்றன. பதிவிலோ புகாரிலோ ஐயம் உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை மன்ற அறைக்கு வரலாம். ஆறு மணிக்கு மேல் அங்குதான் இருப்பேன். கடைசியாக வந்த அழைப்பின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.