நல்ல தோலில் ஏன் கிரீம் பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 24. தோலில் எந்தக் குறையும் இல்லை. தோலின் பாதுகாப்பு அடுக்கைச் சீராக்கும் கிரீம் ஒன்றைப் பரிசோதிக்க ஆரோக்கியமானவர்கள் தேவையாம். முன்கையில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்துவிட்டு, கிரீம் பூசிப் பார்ப்பார்களாம். நன்றாக இருக்கும் தோலை ஏன் கெடுக்க வேண்டும், டாக்டர்? நான் சேரலாமா?

- வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கேள்வி நியாயமானதுதான். தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களால் ஆன மெல்லிய அடுக்கு இருக்கிறது. செல்கள் செங்கல் என்றால், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் இடையில் பூசிய சாந்து. ஒவ்வொரு முறை டேப்பை உரிக்கும்போதும் இந்த அடுக்கில் கொஞ்சம் வந்துவிடும். முறையாகச் செய்தால் ரத்தம் வராது; அந்த இடம் சிவந்து, பளபளத்து, லேசாக எரியும். உடலின் ஈரம் அந்த வழியே கூடுதலாக ஆவியாகும். சிறு கருவியைத் தோலில் வைத்து அதை அளப்பார்கள். வியர்த்தால் கணக்கு தப்பும் என்பதால், குளிர்ந்த அறையில் சிறிது நேரம் உட்காரவைத்த பிறகே அளப்பார்கள்.

இத்தகைய கிரீம் தேவைப்படும் எக்சிமா (தோல் அழற்சி) உள்ள தோல் நாளுக்கு நாள் மாறும். அதில் கிரீமின் பலனைப் பிரித்தறிவது கடினம். அதனால்தான் முதலில் நல்ல தோல். ஆனால் நல்ல தோல் எதுவும் பூசாமலேயே சில நாட்களில் தேறிவிடும். எனவே ‘குணமாகிவிட்டது’ என்பது கிரீமுக்குச் சான்று ஆகாது. அதே கையில் ஓரிடத்தில் கிரீம், ஓரிடத்தில் மருந்துப்பொருள் சேராத வெறும் கிரீம், ஓரிடத்தில் எதுவும் பூசாமல் விட்டு, எது முந்துகிறது என்று பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். வாசலின் போன்றவை ஈரத்தை மூடிவைப்பதாலேயே ஆவியாகும் அளவைக் குறைத்துக் காட்டும். மூடுவது வேறு, ஆற்றுவது வேறு.

எக்சிமா, தழும்பு தடித்து வளரும் இயல்பு, பிளாஸ்திரி ஒவ்வாமை இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் உரித்த இடம் கறுத்து, சில மாதங்கள் அப்படியே நிற்கலாம். அதைப் பற்றியும் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி, பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை ஆகிய மூன்றும் தமிழில் உள்ள ஒப்புதல் படிவத்தில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.