கமராவின் சிவப்பு வெளிச்சம் மங்கினால்



பழைய பிலிம் கமரா இன்னும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. கலியாணம், சடங்கு, திருவிழா என்று எல்லாவற்றையும் படம் பிடித்த கமரா. பல நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் உள்ளே எரியும் சிவப்பு வெளிச்சம் மங்கிப் போயிருக்கும். உடனே "கமரா போச்சு" என்று மூலையில் போட்டுவிடுகிறோம், அல்லது வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அவசரப்பட வேண்டாம். பல நேரம் கோளாறு பற்றரியிலும் அதன் தகட்டிலும்தான் இருக்கும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறையை இந்த இதழில் பார்ப்போம்.

உதாரணத்துக்கு, 1982ல் வெளிவந்த நிக்கோன் எப்.எம்.2 கமராவை எடுத்துக்கொள்வோம். கண் வைத்துப் பார்க்கும்போது வலப்பக்கம் +, o, – என்று மூன்று சிவப்பு அடையாளங்கள் தெரியும். + எரிந்தால் வெளிச்சம் அதிகம். – எரிந்தால் வெளிச்சம் போதாது. நடு வட்டம் மட்டும் எரிந்தால் அளவு சரி. இது தெரியாமல் எடுத்தால் 36 படமும் வீணாகலாம். இன்று பிலிமும் கழுவும் கூலியும் லேசான விலை இல்லை.

1. நிழலில் பாருங்கள். நல்ல வெயிலில் இந்த அடையாளங்கள் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். காம்பராவுக்குள் வந்து, பிலிம் இழுக்கும் கைபிடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, படம் எடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். உள்ளே பளிச்சென்று எரிந்தால் கமராவில் குறையில்லை. வெயிலில் பார்க்கும்போது கண்ணைச் சுற்றிக் கையால் மறைத்தால் போதும். அடையாளம் மட்டுமல்லாமல் முழுக் காட்சியுமே மங்கலாக இருந்தால், கண் வைக்கும் கண்ணாடியிலும் லென்சிலும் அழுக்கோ பூஞ்சணமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

2. பற்றரியை மாற்றுங்கள். இருட்டிலும் மங்கலாக இருந்தால், கமராவின் அடியில் உள்ள வட்ட மூடியைக் காசால் திருகித் திறவுங்கள். உள்ளே இரண்டு பொத்தான் பற்றரி இருக்கும். எல்.ஆர்.44 விலை குறைவு. ஆனால் அதன் சக்தி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எஸ்.ஆர்.44 கடைசி வரைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். எதைப் போட்டாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழசும் புதுசும் கலக்கக் கூடாது. + அடையாளம் பார்த்துப் போடுங்கள்.

3. தகட்டைத் துடையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் தகடு மங்கிப்போகும். பென்சில் அழிக்கும் றப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். பற்றரி ஒழுகி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினாகிரி தொட்டுத் துடையுங்கள். பிறகு சேர்ஜிகல் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஊற்றவே கூடாது.

இந்த மூன்றையும் செய்த பிறகும் மங்கலாக இருந்தால், உள் வயர் அரித்திருக்கலாம். மேல்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். திருத்துபவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன்னே கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. எப்.எம்.2 பற்றரியே இல்லாமலும் படம் எடுக்கும். பற்றரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். 100 பிலிம் போட்டிருந்தால் நல்ல வெயிலில் வேகம் 125, லென்ஸ் 16 என்று வைக்கலாம். மேகம் மூடினால் லென்ஸை 8க்கும், கறுத்து மூடினால் 5.6க்கும் திருப்புங்கள். ஆனால் எல்லாக் கமராவும் இப்படி இல்லை. கெனன் ஏ.இ.1 பற்றரி இல்லாமல் வேலை செய்யாது.

எடுத்து முடிந்ததும் கைபிடியை உள்ளே தள்ளிவிடுங்கள், பற்றரி வீணாகாது. நீண்ட நாள் வைப்பதானால் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.

தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய பொத்தான் பற்றரியை மேசையிலோ தரையிலோ போட்டுவைக்காதீர்கள். சின்னப் பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால், 2 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உயிருக்கும் ஆபத்து. பிள்ளை விழுங்கியது என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், அல்லது 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள்.

கமராவைத் திருத்தலாம், மாற்றலாம். பிள்ளைக்கு மாற்று இல்லை. பழைய பற்றரியை ஒட்டும் டேப்பால் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்த பிறகே கமராவைக் கையில் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.