முழங்கால் ஆழத் தண்ணீர்

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கதிருக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். இரண்டு வேளை மாத்திரை போடாமல் நைட் ஷிஃப்டும் பார்த்து, உனக்கு மறுபடி ஃபிட்ஸ் வந்ததென்று உன் அம்மா அழுதாள். போனில் சொன்னால் ‘சரி பெரியப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நானும் முப்பது வருஷமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவன். என்னைப் போலவே சாப்பிட்டு வந்த சிநேகிதன் ஒருவனுக்கு இரண்டு வருஷம் வலிப்பே வரவில்லை. கந்த சஷ்டி விரதமென்று மாத்திரையையும் நிறுத்தினான். நான்காம் நாள் வாய்க்காலில் கால் கழுவ இறங்கியவன் குப்புறக் கிடந்தான். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீர்.

திடீரென மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரவும் கூடும்; அது மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து. இன்னொன்றும் உண்டு. கை கால் இழுத்து நினைவு தப்பும் பெரிய வலிப்புக்குப் பிறகு சிலருக்கு மூச்சு அடங்கி, இதயமும் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் தூக்கத்தில், பக்கத்தில் ஆள் இல்லாதபோது. வலிப்பு உள்ள பெரியவர்கள் 1000 பேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒருவர் இப்படிப் போகிறார். வலிப்பு அடங்கியிருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம்.

அதனால் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதே. தூக்கத்தைக் கெடுக்காதே, குடியைத் தொடாதே. குளியலறையில் தாழ்ப்பாள் வேண்டாம். கிணறு, குளம், மொட்டைமாடி விளிம்பு, எரிகிற அடுப்பு எதனிடமும் தனியாகப் போகாதே. டாக்டர் சொல்லும்வரை பைக்கைத் தொடாதே. மனம் சோர்ந்தால் அதையும் டாக்டரிடம் சொல். அந்தச் சோர்வும் உயிரை வாங்கும்.

கூட இருக்கும் பையனிடம் உன் நோயை மறைத்திருக்கிறாயாமே? வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் தண்ணீரோ துணியோ எதுவும் வேண்டாம். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்க்கச் சொல். கடிகாரத்தையும் பார்க்கட்டும்: 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே 108.

இந்தக் கடிதத்தை இன்றே அவனிடம் படிக்கக் கொடு. ராத்திரி மாத்திரை போட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு. பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.

அன்புடன்,
பெரியப்பா