ஓடையை வரைவோம், ஓடையை அறிவோம்



நம் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடை எங்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டால், "கீழதான் போகுது" என்பார்கள். அந்தப் பயணம் பெரியது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்பருகே கடலில் விழுகின்றன. கொழும்பில் பெரும்பாலானோர் குடிப்பது களனித் தண்ணீரே. கொத்மலை ஓயா, 335 கிலோமீற்றர் நீளமான மகாவலியில் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் போகிறது.

இதைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்தே சொல்லிக் கொடுக்கலாம். காசு செலவில்லை. பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். கறுப்புக்கு அடுப்புக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், பச்சைக்குக் கீரைச்சாறு, மண்நிறத்துக்குச் சாயத்தண்ணி.

1. பார்த்தல்: மழை இல்லாத நாளில், பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். ஓடைக் கல்லை மெதுவாகப் புரட்டிப் பார்த்து, பிறகு இருந்தபடியே வையுங்கள். அடியில் தும்பியின் குஞ்சுகள், நண்டு, புழுக்கள் இருக்கும். சில புழுக்கள் மணலையும் குச்சியையும் தம் வாய்நூலால் ஒட்டிக் கூடு கட்டியிருக்கும்.

2. செய்தல்: வீட்டுக்கு வந்து, பசையும் மணலும் குச்சியும் கொண்டு அதே மாதிரிக் கூடு செய்யட்டும். புழுவின் கெட்டித்தனம் அப்போது விளங்கும்.

3. கோர்த்தல்: இலை, புழு, மீன், மீன்கொத்தி ஆகியவற்றை வரைந்து வெட்டி, வரிசையாக ஒரே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். உதிர்ந்த இலையைப் புழு தின்னும். புழுவை மீனும் மீனை மீன்கொத்தியும் தின்னும். இப்போது புழுவுக்கு மேலே நூலை வெட்டச் சொல்லுங்கள். "ஐயோ, மீனும் விழுந்திருச்சே!" என்று பிள்ளையே சொல்லும். பாடம் அதுதான்.

புழு ஏன் சாகிறது? மருந்தடித்த டாங்கியை ஓடையில் கழுவினால் சாகும். மலையிலிருந்து மண் கரைந்து வந்து கல்லிடுக்கை அடைத்தாலும் அதற்கு இடமில்லை. அந்தத் தண்ணீரில்தான் நம் பிள்ளைகளும் குளிக்கிறார்கள். ஆகவே டாங்கியை ஓடைக்கும் பீலிக்கும் தூரத்தில் கழுவுவோம். ஓடைக்கரைப் புல்லையும் மரத்தையும் வெட்டாமல் விடுவோம். அவை மண்ணைப் பிடித்து நிறுத்தும்.

ஒன்றை மறக்க வேண்டாம். புழுவும் மீனும் இருக்கிறதென்று தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கும். கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பிள்ளைகள் வரைந்த படங்களை லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். பெரியவர்களும் படித்துக்கொள்ளட்டும்!