கேள்வி இருந்தால் பேச்சு நிலைக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊர் வட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கானோர் இருந்தும், ஜனாஸா அறிவித்தலும் ஜும்ஆ வாழ்த்தும்தான் வருகின்றன. நல்ல விசயம் எதைத் தொடங்கினாலும் இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

நிலைத்த பேச்சுக்கு நம் கல்முனையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1960களில் பெரியநீலாவணையின் நீலாவணன், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி எனத் தமிழரும் முஸ்லிம்களும் கவிதை பற்றிக் கூடிப் பேசினார்கள். பலர் ஆசிரியர்கள். குறை சொன்னவரும் கேட்டவரும் மறுநாளும் முகம் பார்க்க வேண்டியவர்கள். ஆகவே சொல்லில் பொறுப்பு இருந்தது. அந்தச் சூழலில்தான் 1969இல் நுஃமானின் 'கவிஞன்' இதழ் பிறந்தது.

பொறுப்பில்லாத பேச்சு என்ன செய்யும் என்பதையும் நம் மாவட்டமே கண்டது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கறிக்குள் கிடந்த கட்டியைச் சிலர் மலடாக்கும் மாத்திரை என்றார்கள். காசாளரை மிரட்டித் தலையாட்ட வைத்த வீடியோ முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகுதான். பரப்பியவர்கள் ஏராளம். "யார் பரிசோதித்தது?" என்ற கேள்வி எழுந்திருந்தாலும் அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. அடுத்த மாதம் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது.

ஆகவே ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், கேள்வியைப் பாருங்கள். "மருதமுனைக் கைத்தறி பற்றிக் கருத்துச் சொல்லுங்கள்" என்றால் எல்லோரும் 'மாஷா அல்லாஹ்' போட்டுவிட்டுப் போவார்கள். "நூல் விலை ஏறிய பிறகு உங்கள் தறியில் மாதம் எத்தனை சாரன் நெய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். நெசவாளி பதில் சொல்வார், வியாபாரி மறுத்துப் பேசுவார், வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள விலையைச் சொல்வார். தெரிந்தவன் வாய் திறக்க இடம் கிடைத்தால் பேச்சு தானாக நடக்கும்.

இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்புகிறவரிடம், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முதன்முறை எழுதுகிறவருக்கு அன்றைக்கே மறுமொழி கொடுங்கள். பதில் கிடைக்காதவர் இரண்டாம் முறை எழுதமாட்டார்.

குழுவைக் கலைத்துவிடாதீர்கள், தம்பி. இந்த வாரமே ஒரு கேள்வியைப் போடுங்கள். வரும் முதல் பதிலுக்கு நீங்களே மறுமொழி எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.