சாய்ந்தும் கவிழாத இராக்கெட்டு

ஆற்றைக் கடக்கும் ஓடமொன்றில் இருபுறமும் துடுப்பு வலிப்போருள், ஒரு புறத்தார் இருவர் கைசோர்ந்தனர் என்று கொள்வோம். ஓடம் நேரே செல்லாது. அவர்கள் இருக்கும் பக்கமாகத் திரும்பும். உடனே சுக்கான் பிடிப்போன் அதனை மாற்றித் திருப்பி ஓடத்தை நெறிப்படுத்துவான். இராக்கெட்டுக்கும் இத்தகைய இடர் நேர்வதுண்டு. ஆனால் உயரே நீரும் இல்லை, காற்றும் இல்லை. சுக்கானுக்குப் பற்றுக்கோடு ஏது?

1968-ஆம் ஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள், அமெரிக்காவில் புளோரிடாக் கரையிலிருந்து அப்பல்லோ 6 என்னும் விண்கலம் ஏவப்பட்டது. அதில் மனிதர் எவரும் இலர். அதனைச் சுமந்து சென்ற சாட்டர்ன் 5 என்னும் இராக்கெட்டு மூன்று அடுக்குகளை உடையது. இரண்டாம் அடுக்கில் ஐந்து பொறிகள். நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. வழியிடையே, சுற்றுப் பொறி ஒன்றன் எரியூட்டும் பகுதிக்குத் திரவ ஹைட்ரஜன் கொணரும் சிறு குழாய் முறிந்தது, அப்பொறி நின்றது. நின்ற பொறியின் அடைப்பானை மூடுமாறு கட்டளை பிறந்தது. கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தமையால், அக்கட்டளை குற்றமற்ற அடுத்த பொறிக்குச் சென்று அதனையும் நிறுத்திவிட்டது! கைப்பிழை எத்துணைச் சிறிது. விளைவோ எத்துணைப் பெரிது!

உந்துவிசை இப்பொழுது ஒரு பக்கமாயிற்று. அவ்விசையின் கோடு இராக்கெட்டின் பொருண்மை மையத்தின் வழியே சென்றாலன்றி, இராக்கெட்டு நேரே செல்லாது, சுழன்று கவிழும். ஆயினும் அது கவிழவில்லை. ஏன்? சுற்றுப் பொறிகள் அசையாது பிணைக்கப்பட்டவை அல்ல. அவற்றைச் சிறிது சாய்க்கலாம். இராக்கெட்டின் மேற்பகுதியில் பம்பரம்போல் விரைந்து சுழலும் கருவிகள் இருந்தன. சுழலும் பம்பரத்தின் அச்சுத் தன் திசையை எளிதில் விடாதன்றோ? ஆதலின், இராக்கெட்டு எப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது அவற்றால் விளங்கும். கணிப்பொறி அதற்கேற்ப ஆணையிட, எஞ்சிய சுற்றுப் பொறிகள் இரண்டும் திரும்பி, விசையின் கோட்டை மையத்தின்பால் கொணர்ந்தன. அப்பொறிகளே சுக்கானும் ஆயின. குறைந்த விசையை ஈடுசெய்ய, மூன்று பொறிகளும் ஏறத்தாழ ஒரு நிமிடம் கூடுதலாக எரிந்தன. குறித்த வட்டப் பாதை கிட்டவில்லை. எனினும் விண்கலம் ஒரு நீள்வட்டப் பாதையை அடைந்தது.

தரையில் சோதித்தபோது முறியாத குழாய் மேலே முறிந்தது எதனால்? தரையில் அதன் மேல் படிந்த பனி, அதன் நடுக்கத்தை அடக்கி வைத்திருந்தது. காற்றற்ற வெளியில் பனி படிவது எங்ஙனம்? வெற்றிடத்தில் மீண்டும் சோதித்தே அறிஞர் இதனைக் கண்டனர். குழாயின் நெளிவுப் பகுதியை நீக்கி, உறுதியான குழாயை அமைத்தனர்.

அடுத்த சாட்டர்ன் 5, அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் போர்மன், லவல், ஆண்டர்ஸ் என்னும் மூவரை ஏற்றிக்கொண்டு சந்திரனை நோக்கிப் புறப்பட்டது.