பேச்சால் மனம் தேறுமா? கண்டறிவது எப்படி?

அத்தான் காலமான பின் என் அக்கா ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை. செம்பூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனோம். மூன்று மாதத்தில் முகம் தெளிந்தது. ஆலோசனை நல்ல பலன் தந்தது என்று சங்கத்து நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் கேட்டார்: "சும்மா இருந்திருந்தாலும் மூன்று மாதத்தில் தேறியிருப்பாரே, சார்?" கல்லூரியில் முப்பது ஆண்டு புள்ளியியல் சொல்லிக்கொடுத்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு தேடிப் படித்ததில் கொஞ்சத்தை வாசக அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

நண்பரின் கேள்வி பழையது. 1952-ல் லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர், மனக்கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை இல்லாமலே இரண்டாண்டில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதினார். பெரிய சண்டை மூண்டது. அவர் கணக்கிலும் ஓட்டை இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் ஒரு சாரார், காப்பீட்டுப் பணம் கோரிச் சாதாரண மருத்துவரிடம் போனவர்கள். ஆட்களே வேறு வகை. மருத்துவரின் ஆறுதல் வார்த்தையும் அவர்களுக்குக் கிடைத்திருந்தது.

அப்படியானால் ஒரே வகை ஆட்களை எப்படி ஒப்பிடுவது? நம் பக்கத்துக் கோவாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. விக்ரம் படேல் குழுவினர் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி, 2017-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு. மனச்சோர்வு முற்றிய 495 பேர். யாருக்கு ஆலோசனையும் சேர்த்து, யாருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. நாமே பிரித்தால் என்ன ஆகும்? ஆர்வமுள்ளவர், பஸ்ஸுக்குக் காசு உள்ளவர், வீட்டார் துணை உள்ளவர் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். தேறியது பேச்சாலா, வசதியாலா என்று பிறகு பிரிக்கவே முடியாது.

ஆலோசனை சொன்னவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், டாக்டர்கள் அல்லர். ஆறு முதல் எட்டு சந்திப்பு. மூன்று மாதம் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று தெரியாத ஒருவர் கேள்வி கேட்டு மதிப்பிட்டார். ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம், மற்றவர்களில் 39 சதவீதம் தேறியிருந்தனர்.

அந்த 39-ஐக் கவனியுங்கள். நண்பர் சொன்னது அதைத்தான்! 64-ல் அதைக் கழித்தால் மிஞ்சும் 25-தான் ஆலோசனையின் பங்கு. என் அக்கா இதில் எந்தக் கணக்கில் சேர்வாள் என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வீட்டில் ஒருவர் தவித்தால் "போய்ப் பாருங்கள்" என்று சொல்ல அந்த 25 எனக்குப் போதும்.

கேள்வித்தாள் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு பாரம், தலைவலி, அசதி என்பார்கள். ஆகவே ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கி, அதைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி, பொருள் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சலிப்பான வேலைதான், இது சரியில்லாவிட்டால் மேலே சொன்ன சதவீதமெல்லாம் வீண்.

எண்ணிக்கை இவ்வளவு சொல்லியும், எது உதவியது என்று சொல்லாது. அதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். அமெரிக்காவில் கார்ல் ரோஜர்ஸ், ஒருவருடன் நடத்திய சந்திப்புகள் முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, 1942-ல் தம் புத்தகத்தில் வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடப்பதை மற்றவர்களும் படித்து ஆராய அது வழிவிட்டது.

நானும் அக்காவிடம் கேட்டேன். "நீங்க எல்லாரும் அழாதே அழாதேன்னீங்க. அந்தப் பொண்ணு மட்டும் சொல்லலை" என்றாள்.